பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே சொல்லட்டும்!

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரையை இங்கே தருகிறோம். – ஆ-ர்.)



இந்த மேடையில் நான் ஏறினால் பஞ்சப்படி, போனஸ், குறைந்தபட்சக் கூலி, மனைப் பட்டா என்றுதான் பேசுவது வழக்கம். இன்றைய நோட்டீஸில் "கல்லூரிப் பிள்ளைகளும் பாலியல் ஆரோக்கியமும்" என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு ஒரு தோழர் என்னிடம் வந்து, "அச்சாபீஸில் வேறு யாருடைய நோட்டீஸையோ மாற்றிக் கொடுத்துவிட்டார்களா, தோழர்?" என்று கேட்டார். மாறவில்லை தோழர்களே. நம்முடைய நோட்டீஸ்தான். நம்முடைய பிரச்னைதான்.

நம் அப்பன் பாட்டன் காலத்தில் கல்லூரி வாசலை நாம் எட்டிப் பார்த்தது கிடையாது. இன்று ரிங் பிரேமில் சைடு பார்க்கிறவரின் மகன் பி.எஸ்ஸி. படிக்கிறான். நாற்று நடுகிற தாயின் மகள் பி.காம். படிக்கிறாள். போராடிப் பெற்ற உதவித்தொகையும், வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசும் அவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன. ஹாஸ்டலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பும்போது நாம் பிள்ளையிடம் என்ன சொல்கிறோம்? "நல்லாப் படி, வேளைக்குச் சாப்பிடு, கண்ட சகவாசம் வேண்டாம்." அதோடு சரி. பதினெட்டு வயதில் அந்த உடம்பில் என்ன நடக்கிறது, மனசில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? கிடையாது. நமக்கும் யாரும் சொல்லவில்லை, நாமும் சொல்வதில்லை.

இந்த மௌனத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பதினெட்டாயிரம் ரூபாய்

சில ஆண்டுகளுக்கு முன்பு மில் தோழர் ஒருவர் என்னிடம் வந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்க வேண்டும், ஜாமீனுக்கு ஆள் பிடித்துக் கொடுங்கள் என்றார். எதற்கு என்று கேட்டேன். கல்லூரியில் படிக்கும் மகன் பரீட்சைப் பீஸ் என்கிறான், புராஜெக்ட் செலவு என்கிறான், மூன்று தடவை பணம் அனுப்பியாகிவிட்டது, மறுபடியும் கேட்கிறான் என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தால் 18,000 ரூபாய். அந்தத் தொகைக்கு அவர் எத்தனை நைட் ஷிப்டு நிற்க வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பணம் கல்லூரிக்குப் போகவில்லை. பையனுக்குத் தூக்கத்தில் விந்து வெளியேறியிருக்கிறது. பயந்துவிட்டான். பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்திருக்கிறான். "மாதம் ஒரு முறை, இன்ன லாட்ஜ், இன்ன அறை எண், ரகசியம் காக்கப்படும்" என்று போட்டிருந்தது. போனான். அங்கே உட்கார்ந்திருந்த வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்து, "நரம்பு தளர்ந்துவிட்டது. ஒரு துளி விந்து நூறு துளி ரத்தம். இப்படியே விட்டால் நீ கல்யாணத்துக்கு லாயக்கில்லை" என்று சொல்லியிருக்கிறார். லேகியம், சூரணம், தைலம் என்று மாதாமாதம் கறந்திருக்கிறார்கள். பையன் சாப்பாட்டைக் குறைத்தான், வகுப்புக்குப் போவதை நிறுத்தினான், ஒரு பருவப் பரீட்சையை எழுதவேயில்லை. உயிரோடிருந்து என்ன பயன் என்று நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டான்.

அவனைக் காப்பாற்றியது யார்? அப்பனா, ஆசிரியரா, நானா? யாருமில்லை. கூட ஒரே அறையில் தங்கியிருந்த பையன். அவன் களை எடுக்கப் போகிற ஒரு தாயின் மகன். கல்லூரியில் செஞ்சுருள் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்து பயிற்சி எடுத்தவன். கட்டிலுக்கடியில் சூரணப் பொட்டலங்களைப் பார்த்துவிட்டு உட்கார வைத்துக் கேட்டிருக்கிறான். விஷயம் வெளியே வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "எனக்கும் அப்படித்தான்டா. எல்லாருக்கும் அப்படித்தான். அது நோயே இல்லை."

மறுநாள் அவனே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். டாக்டர் சோதித்துப் பார்த்து, எந்த நோயும் இல்லை, ரத்தம்தான் குறைவாக இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிடு என்று அனுப்பினார்.

தோழர்களே, இங்கே பெற்றவர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். ஆண் பிள்ளைகளின் உடம்பில் வயசுக்கு வந்த நாள் முதல் விந்து உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது. தூக்கத்தில் அது வெளியேறுவது இயற்கை. அதனால் ரத்தம் குறையாது, நரம்பு தளராது, கண் குழி விழாது. நூறு துளி ரத்தம் என்பது வைத்தியத்தில் இல்லாத கணக்கு. வியாபாரத்தில் மட்டும் உள்ள கணக்கு.

என்னுடைய தவறையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இது நடப்பதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன் மாணவர்கள் சிலர் என்னிடம் வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டிடத்தைக் கொடுங்கள், வாலிபர்களுக்கு உடல் நலம், பால்வினை நோய்கள் பற்றி வகுப்பு நடத்துகிறோம் என்று கேட்டார்கள். நான் என்ன சொன்னேன்? "தாய்மார்கள் வந்து போகிற இடம். இங்கே இந்தப் பேச்செல்லாம் எதற்கு? வர்க்கப் போராட்டத்தைப் பற்றி வகுப்பு நடத்துங்கள், கட்டிடம் தருகிறேன்" என்று அனுப்பிவிட்டேன். அன்று கதவைத் திறந்திருந்தால் அந்தத் தோழரின் 18,000 ரூபாய் லாட்ஜ் வைத்தியரிடம் போயிருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கதவை மூடியவன் நான். அந்தக் கடனுக்கு ஜாமீன் பிடித்துக் கொடுத்தவனும் நான்தான். அதனால்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பக்கத்து சைடுக்காரர் சொல்லிக் கொடுத்தது

"எனக்கும் அப்படித்தான்" என்று அந்தப் பையன் சொன்னானே, அந்த ஒரு சொல்லை யோசித்துப் பாருங்கள். டாக்டர் அதைச் சொல்வதில்லை. வாத்தியார் சொல்ல மாட்டார். பெற்ற தகப்பன் சத்தியமாகச் சொல்ல மாட்டான். சக வயதுக்காரன் மட்டும்தான் சொல்ல முடியும். அந்தச் சொல்லில்தான் பயம் உடைகிறது. பயம் உடைந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கால் நடக்கிறது.

இது நமக்குப் புதிய சங்கதியா? நாம் மில்லில் முதல் நாள் சேர்ந்தபோது நிர்வாகம் சுவரில் பாதுகாப்பு விதிகளை ஒட்டி வைத்திருந்தது. அதைப் படித்தா தொழில் கற்றோம்? ஓடுகிற மெஷினில் கையை எங்கே வைக்கக் கூடாது, பஞ்சுத் தூசிக்குத் துணியை எப்படிக் கட்ட வேண்டும் என்று பக்கத்து சைடுக்காரர்தான் சொல்லிக் கொடுத்தார். இரைச்சலில் வாய் பேச முடியாதபோது கை ஜாடையில் சொல்லிக் கொடுத்தார். வயலில் பூச்சிமருந்து அடிக்கும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நில் என்று சொன்னது மருந்துக் கம்பெனியா? கூட வேலை செய்கிற ஆள். அவர் சொன்னதை ஏன் நம்பினோம்? அவரும் அதே மூச்சை இழுத்தவர், அதே கூலியை வாங்கியவர்.

கல்லூரிப் பிள்ளைகள் விஷயத்திலும் முறை இதுதான். மாணவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, டாக்டர்களும் ஆலோசகர்களும் ஒழுங்காகப் பயிற்சி கொடுக்கிறார்கள். அவர்கள் போய்த் தங்கள் வகுப்பில், ஹாஸ்டல் அறையில், பஸ்ஸில், கேண்டீனில் மற்ற மாணவர்களோடு பேசுகிறார்கள். சகக் கல்வியாளர் என்று இவர்களுக்குப் பெயர். பெயர் பெரிதாக இருக்கிறது. வேலை பக்கத்து சைடுக்காரர் செய்த அதே வேலைதான்.

சோனாகாச்சியில் கண்ட உண்மை

இந்த முறை பலன் தருமா என்று கேட்பீர்கள். பலன் கண்ட இடத்தைச் சொல்கிறேன். அது கல்லூரி அல்ல. சமூகம் கடைசிப் படியில் தள்ளி வைத்திருக்கும் பெண்கள் வாழும் இடம்.

கல்கத்தாவில் சோனாகாச்சி என்பது பாலியல் தொழில் நடக்கும் பெரிய பகுதி. 1992-ல் அங்கே எச்.ஐ.வி. தடுப்பு வேலை தொடங்கியது. மேற்கு வங்கத்தில் இடது முன்னணி ஆட்சி நடந்த காலம் அது. பொறுப்பேற்ற டாக்டர் ஸ்மரஜித் ஜானா ஒழுக்கப் பிரசங்கம் செய்யப் போகவில்லை. சுரங்கத் தொழிலாளிக்கு நுரையீரல் நோய் வருவது போல இந்தப் பெண்களுக்கும் அவர்கள் செய்யும் வேலையால் நோய் வருகிறது. ஆகவே இது தொழில் சார்ந்த ஆரோக்கியப் பிரச்னை என்று பார்த்தார். அந்தப் பெண்களிலிருந்தே சிலருக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார். அதுவரை எந்தச் சர்க்கார் ஊழியரையும் நம்பாத பெண்கள், தங்களில் ஒருத்தி சொன்னதை நம்பினார்கள்.

பலன் என்ன? 1992-ல் அங்கே ஆணுறையை ஒழுங்காக உபயோகித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. சில ஆண்டுகளில் அது எண்பதைத் தாண்டியது. 1990-களில் பம்பாயில் இதே தொழிலில் இருந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தபோது, சோனாகாச்சியில் அது நூற்றுக்குப் பத்தை ஒட்டியே நின்றது. 1995-ல் அந்தப் பெண்கள் துர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்று சொந்த ஸ்தாபனமே கட்டினார்கள். 1999-ல் அந்தச் சுகாதாரத் திட்டத்தையே தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் ஜானா 2021-ல் கொரோனா நோயில் காலமானார். அவர் வளர்த்த முறை நிற்கிறது.

கல்லூரிப் பிள்ளைகளின் நிலைமை வேறு, அந்தப் பெண்களின் நிலைமை வேறு. அதை மறுக்கவில்லை. ஆனால் மேலிருந்து உபதேசம் செய்தால் காதில் ஏறாது, கூட நிற்பவர் சொன்னால் ஏறும் என்ற பாடம் இருவருக்கும் பொது.

செஞ்சுருள் சங்கம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதைக் கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு ஊரெல்லாம் என்ன பேசினார்கள்? "அது வெள்ளைக்காரன் நோய், நம் பண்பாட்டுக்கு வராது" என்றார்கள். கிருமி பண்பாட்டைக் கேட்டுவிட்டு வரவில்லை. 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் ஏற்பட்டது. பிறகு கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டத்தோடு சேர்ந்து செஞ்சுருள் சங்கங்கள் வந்தன. அதில் பயிற்சி பெறும் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறார்கள், சொல்ல வேண்டும் என்பதை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கும் பயன்படும்.

எச்.ஐ.வி. நான்கு வழிகளில்தான் பரவுகிறது. பாதுகாப்பில்லாத உடலுறவு, கிருமியுள்ள ரத்தம், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது, தாயிடமிருந்து குழந்தைக்கு. தொட்டால் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. கொசு கடித்தால் வராது. ஆணுறையைச் சரியாக, ஒவ்வொரு தடவையும் உபயோகித்தால் பெருமளவு தடுக்கலாம்.

சந்தேகம் இருந்தால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையம் இருக்கிறது. சோதனை இலவசம். பெயரும் முடிவும் வெளியே போகாது. தொற்று ஏற்பட்ட உடனே செய்யும் சோதனையில் அது தெரியாமல் போகலாம். ஆகவே மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஆபத்து நேர்ந்துவிட்டது என்று தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால் தடுப்பு மாத்திரை உண்டு. தொற்று இருப்பது உறுதியானாலும் உயிர் போய்விட்டது என்று அர்த்தமில்லை. 2004-லிருந்து சர்க்கார் மையங்களில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. தினமும் தவறாமல் சாப்பிட்டால் வேலை செய்யலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம், நீண்ட காலம் வாழலாம். மருந்தினால் ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் மற்றவருக்குப் பரவுவதும் இல்லை.

வெட்டை, கிரந்தி என்று நம் ஊரில் சொல்கிற நோய்கள் தெய்வக் குற்றத்தால் வருவதல்ல. உடம்புச் சூட்டாலும் அல்ல. கிருமியால் வருபவை. சரியான மருந்து கொடுத்தால் குணமாகிறவை. ஆனால் மறைத்து வைத்தால் உடம்பை அரிக்கும், மனைவிக்கும் பரவும், வயிற்றிலுள்ள குழந்தையையும் பாதிக்கும். இருவருக்கும் சேர்த்துச் சிகிச்சை செய்தால்தான் தீரும்.

பெண் பிள்ளைகளுக்கு இதைவிட அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. மாதவிடாய் தீட்டு அல்ல. வெள்ளைப்படுதல் கொஞ்சம் இருப்பது இயற்கை. நாற்றமோ அரிப்போ வலியோ இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். கருக்கலைப்புக்கு 1971-லிருந்தே சட்டம் உண்டு. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் அந்தச் சட்டத்தில் சம உரிமை உண்டு என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இது தெரியாததால்தான் பிள்ளைகள் மருந்துக் கடையில் ஏதோ மாத்திரையை வாங்கி விழுங்கி ரத்தப்போக்கில் கிடக்கிறார்கள்.

ஆண் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் கட்டாயம் வேண்டும். ஒரு பெண் 'வேண்டாம்' என்றால் வேண்டாம் என்றுதான் அர்த்தம். சும்மா இருந்தாலும் சம்மதம் என்று அர்த்தமில்லை. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை சம்மதித்தாலும் 2012-ன் போக்சோ சட்டப்படி அது குற்றம். முதல் வருஷ வகுப்பில் பதினேழு வயதுப் பிள்ளைகள் உண்டு என்பதை மறக்கக் கூடாது. நம்பி அனுப்பிய படத்தை வைத்து மிரட்டுவது ஆண்மை அல்ல, கயமை. இவற்றை ஒரு போலீஸ்காரர் வந்து சொன்னால் பையன்கள் கொட்டாவி விடுவார்கள். வகுப்புத் தோழன் ஒருவன் எழுந்து, "டேய், நீ செய்தது தப்பு" என்று சொன்னால் உறைக்கும்.

மூன்று ஆட்சேபணைகள்

இதைக் கேட்டதும் சிலர் மூன்று ஆட்சேபணைகளைக் கிளப்புவார்கள். பதில் சொல்லிவிடுகிறேன்.

"இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப் போகும்" என்பது முதலாவது. ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் பல தேசங்களில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறது. பாலியல் கல்வி பெற்றதால் பிள்ளைகள் சீக்கிரமாகவோ அதிகமாகவோ அந்த வழியில் போவதில்லை என்றுதான் கண்டிருக்கிறது. இன்னொன்றும் கேளுங்கள். சொல்லிக் கொடுக்காவிட்டால் பிள்ளை கற்காமல் இருக்கிறதா? கையில் செல்போன் இருக்கிறது. அதில் பெண்ணை அடித்தும் இழிவுபடுத்தியும் எடுத்த படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. நாம் வாயை மூடினால் பிள்ளைக்கு அதுதான் வாத்தியார்.

"இது அந்நிய நாகரிகம், நம் பண்பாட்டுக்கு விரோதம்" என்பது இரண்டாவது. இந்தக் கூச்சல் பழையது. மத்திய சர்க்கார் வளரிளம் பருவக் கல்வியைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தபோது, 2007-ல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் முதலிய மாநிலங்கள் அதைத் தடுத்து நிறுத்தின. 2009-ல் வெங்கைய நாயுடு தலைமையிலான ராஜ்யசபா மனுக் கமிட்டி பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்று அறிக்கையே கொடுத்தது. அதன் விளைவு என்ன? 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, எச்.ஐ.வி. பற்றி முழுமையான சரியான அறிவு உள்ளவர்கள் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 22 பேர். ஆண்களில் 31 பேர். பள்ளியில் கதவை அடைத்தார்கள். பிள்ளை ஒன்றும் தெரியாமல் கல்லூரிக்கு வந்து நிற்கிறது. சாதி மாறிக் காதலித்தால் வெட்டிக் கொல்கிற கூட்டம்தான் பண்பாட்டைப் பற்றி அதிகமாகப் பேசுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பெரியவர்கள் சொல்லட்டும், விவரம் தெரியாத பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்வதா?" என்பது மூன்றாவது. இதில் நியாயம் இருக்கிறது. இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

குறையையும் மறைக்கக் கூடாது

பிள்ளைகள் சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. இங்கிலாந்தில் 27 பள்ளிகளில் இதைச் சோதித்தார்கள். 16, 17 வயது மாணவர்கள் தங்களுக்கு இளைய 13, 14 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். முடிவுகள் 2004-லும் 2008-லும் வெளிவந்தன. வாத்தியார் நடத்திய வகுப்பைவிட இந்த வகுப்பு பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அந்தப் பெண் பிள்ளைகள் இருபது வயதை எட்டுவதற்குள் நடந்த கருக்கலைப்புகளின் எண்ணிக்கை அதனால் குறையவில்லை. அதாவது, பேச்சு மட்டும் போதாது.

சோனாகாச்சியில் மட்டும் ஏன் பலித்தது? அங்கே பேச்சோடு ஆஸ்பத்திரி இருந்தது, ஆணுறை கையில் கிடைத்தது, பின்னால் ஸ்தாபனம் நின்றது. நம் கல்லூரிகளில் நிலைமை என்ன? பல இடங்களில் டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினத்தன்று ஓர் ஊர்வலம், ஒரு கோலப் போட்டி, ஒரு போட்டோ. அதோடு அடுத்த டிசம்பர்தான். பயிற்சி ஒரே ஒரு நாள். பயிற்சி பெற்றவன் படிப்பை முடித்துப் போய்விட்டால் அவனோடு எல்லாம் போய்விடுகிறது. அரைகுறையாகக் கற்றவன் தவறாகச் சொன்னால் திருத்துவதற்கு ஆள் இல்லை. நம்பிச் சொன்ன ரகசியம் ஹாஸ்டல் முழுக்கப் பரவினால் அந்தப் பிள்ளையின் கதி என்ன?

ஆகவே மூன்றாவது ஆட்சேபணைக்கு நம் பதில் இது: பிள்ளை சொல்லட்டும், ஆனால் பின்னால் பெரியவர்கள் நிற்கட்டும். பயிற்சி தொடர்ந்து நடக்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும், ரகசியம் காக்கவும், டாக்டரிடம் கூட்டிப் போகவும் பழக்கட்டும். சகக் கல்வியாளர் டாக்டரின் இடத்தில் உட்காருகிறவர் அல்ல. டாக்டரின் வாசல் வரை கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறவர்.

இதுவும் வர்க்கப் பிரச்னையே

தோழர்களே! முதலாளி மகனுக்கும் இதே வயதுதான், இதே உடம்புதான், இதே சந்தேகம்தான். ஆனால் அவனுக்குக் குடும்ப டாக்டர் இருக்கிறார். தனியார் ஆஸ்பத்திரியில் தனி அறை இருக்கிறது. நம் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? லாட்ஜ் வைத்தியரும் செல்போனும். முதலில் ஆபாசத்தை விற்று லாபம் சம்பாதிக்கிறார்கள். பிறகு பயத்தைக் காட்டி மருந்தை விற்று லாபம் சம்பாதிக்கிறார்கள். நம் வெட்கம்தான் அந்த வியாபாரத்துக்கு மூலதனம். நாம் வாய் திறந்து பேசுகிற அன்றைக்கு அந்தக் கடை இழுத்து மூடப்படும்.

மில்லில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். 2017-ல் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் நிறைவேறி, 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. தொற்று இருக்கிறது என்பதற்காக எவரையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது. கல்லூரியிலிருந்தும் நீக்கக் கூடாது. வேலைக்குச் சேர்க்கச் சோதனை செய்துகொண்டு வா என்று கேட்கக் கூடாது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் இதற்கென்று புகார் அதிகாரி இருக்க வேண்டும். உங்கள் மில்லில் அப்படி ஒருவர் இருக்கிறாரா? இந்தக் கேள்வியை நாளைக்கே சங்கத்தின் மூலம் கேளுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, உங்கள் மகனோ மகளோ செஞ்சுருள் சங்கத்தில் சேருகிறேன் என்றால் தடுக்காதீர்கள். "உனக்கு எதற்கு இந்த வேலை?" என்று கேட்காதீர்கள். ஒரு உயிரைக் காப்பாற்றும் வேலை அது.

இரண்டாவது, பிள்ளையிடம் எல்லாவற்றையும் நீங்களே பேச முடியாவிட்டாலும் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுங்கள்: "உடம்புக்கு எது வந்தாலும் என்னிடம் மறைக்காதே, அடிக்க மாட்டேன், சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறேன்." சொல்ல வாய் வராவிட்டால் 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணைப் பிள்ளையின் நோட்டில் எழுதிக் கொடுங்கள். எச்.ஐ.வி., பால்வினை நோய்கள் பற்றிய சந்தேகங்களுக்குப் பதில் சொல்வதற்கென்றே உள்ள எண் அது.

மூன்றாவது, நம் கோரிக்கைப் பட்டியலில் இதையும் சேர்க்க வேண்டும். சர்க்கார் கல்லூரி ஹாஸ்டல்களுக்கு டாக்டர் வாரந்தோறும் வர வேண்டும். கல்லூரிக்கு ஒரு மனநல ஆலோசகர் வேண்டும். சகக் கல்வியாளர்களுக்கு வருஷம் முழுவதும் பயிற்சி வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெண்களே பயிற்சி கொடுக்க வேண்டும். ஊர்வலத்தோடு கணக்கை முடிக்கக் கூடாது.

நான்காவது, கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. மில் ஹாஸ்டல்களில் அடைபட்டு ஷிப்டு பார்க்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள் இருக்கிறார்கள். செங்கல் சூளையில், கட்டிட வேலையில் வாலிபர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் செஞ்சுருள் சங்கம் இல்லை. கல்லூரியில் கற்ற நம் பிள்ளைகள் லீவில் ஊருக்கு வரும்போது அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். அந்தக் காலத்தில் நம் தோழர்கள் இராப் பள்ளிக்கூடம் நடத்தி எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள் அல்லவா? இதுவும் அது போன்ற வேலைதான்.

கடைசியாக ஒன்று. அந்தப் பையன் தப்பிவிட்டான். விட்ட பரீட்சையை மறு வருஷம் எழுதித் தேறினான். தகப்பனாரின் கடன்தான் தவணை தவணையாகச் சம்பளத்தில் பிடித்தம் ஆயிற்று. பையன் இப்போது அந்தக் கல்லூரியில் இல்லை; ஆனால் படிப்பை முடிப்பதற்குள் அவனும் செஞ்சுருள் சங்கத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டான். புதிதாக ஹாஸ்டலுக்கு வந்த பையன்களிடம் அவன் எப்படிப் பேச்சைத் தொடங்குவான் தெரியுமா? "நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்" என்றுதான் தொடங்குவான். பதினெட்டாயிரம் ரூபாய்க் கதை. அதைக் கேட்ட பையன்கள் அந்த லாட்ஜ் படியை ஏறமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நம் சங்கக் கட்டிடத்தில் வாலிபர்களுக்கு வகுப்பு. ஆண்களுக்குக் கீழே, பெண்களுக்கு மாடியில். பாடம் சொல்லிக் கொடுக்கப் போகிறவர்கள் நம் பிள்ளைகளே. கூடவே ஒரு டாக்டரும் வருகிறார். அன்று மூடிய கதவை இன்று நானே திறந்து வைக்கிறேன், தோழர்களே. பிள்ளைகளை அனுப்பி வையுங்கள்.